ஓடுதுங்க

சென்னிமலை பஸ்
சானடோரியம் வாசலில் என்னை உதிர்த்துவிட்டுப் போனது.
கையில் ஆறு பன், ஓர் எண்ணெய்ப் புட்டி,
சபைக் குறிப்பேட்டில் மயிலாத்தா எழுதித் தந்தது:
"எங்கூட்டுக்காரருக்கு நெஞ்சுல சீக்கு. கதவோரக் கட்டல்.
அவரு கோயிலுக்கு வரமாட்டாருங்க. நீங்க போய்ப் பாருங்க."

எந்தக் கோயில் என்று எழுதவில்லை.
மலைமேல் இருப்பவனையும் அவர் போய்ப் பார்த்ததில்லையாம்.
தறிக்கு லீவு விட்ட நாளில்
தூங்குவதுதான் அவருக்கு நோம்பி.

நர்ஸம்மா பச்சை முகக்கவசம் நீட்டினார்.
ஒருபக்கக் கயிறு இளகியிருந்தது.
"பத்து நிமிசம், ஃபாதர். கிட்டப் போகாதீங்க."
நான் ஃபாதர் இல்லை, பாஸ்டர்.
வீட்டில் என் மகளுக்கு வயது நாற்பது நாள்.
திருத்தவில்லை.

சென்னியப்பன் போர்வை ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தார்.
"நாப்பதுன்னு சொல்லி
முப்பதாம் நம்பர் நூலப் போட்டிருக்கான்."
எனக்குக் கிடைத்த முதல் வார்த்தை அது.

ஸ்தோத்திரம் சொன்னேன்.
சாப்பிட்டீர்களா என்றேன்.
அவர் என் கண்ணுக்குக் கீழே
பச்சைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்,
சாத்திய கடையின் முன் நிற்பவர்போல.

பக்கத்துக் கட்டில்காரர்தான் சொன்னார்:
"அவருக்குக் காது அவிஞ்சு போச்சுங்க.
முப்பது வருசம் விசைத்தறி.
வாயசையறதப் பாத்துத்தான் பேச்சு.
நீங்க வாயை மூடியில்ல வச்சிருக்கீங்க."

கை காதுக்குப் போனது.
போய், அங்கேயே நின்றது.
இளகிய கயிற்றை விரல் தொட்டது, இழுக்கவில்லை.
அந்த மின்விசிறி எத்தனை சுற்று சுற்றியதென்று
இன்றைக்கும் சொல்வேன்.

அவர் கண்டுபிடித்துவிட்டார்.
"வேண்டாங்க. இருக்கட்டும்.
பச்சப்புள்ள இருக்கற ஊடுன்னு மயிலு சொன்னா."
பிறகு இருமினார், சுவர்ப்பக்கம் திரும்பி,
நெடுநேரம்,
சுவரிடம் மன்னிப்புக் கேட்பதுபோல.

"செபம் பண்ணத்தானுங்களே வந்தீங்க? பண்ணுங்க."
கையை நீட்டி என் தொண்டைக்குழியில்
நாலு விரலையும் வைத்தார்.
"இருட்டுல கரண்டு வந்துச்சான்னு
இப்படித்தான் தறிமேல கையி வச்சுப் பாப்பனுங்க."

காய்ச்சல் விரல்கள்.
நகக்கண்ணில் இன்னும் போகாத ஆயில் கறுப்பு.

பிதாவே என்றேன்.
"ஓடுது" என்றார்.
இந்த மகனின் நெஞ்சை என்றேன்.
"ஓடுது, ஓடுது."
மயிலாத்தாவை, கந்துக்கு வாங்கிய அறுபதாயிரத்தை,
பாவு பாதியில் நிற்கிற எட்டாம் நம்பர் தறியை
(குறிப்பேட்டின் பின்பக்கத்தில் அவள் எழுதியிருந்தாள்)
ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.
பிறகு, எத்தனையோ கட்டிலோரம் சொல்லிப் பழகிய
'உமக்குச் சித்தமானால்' வந்தது.

விரல்கள் எழும்பின.
"நின்னுபோச்சுங்க."

இல்லை, சொல்லிவிட்டேன் என்று தலையாட்டினேன்.
"இல்லீங்க. இழை அறுந்துது.
சத்தமில்லாம அறுந்தாலும் கையிக்குத் தெரியும்.
துணி பாட்டுக்குப் போகும்,
நடுவுல கோடு விழுந்துரும்.
அறுந்த எடத்துல முடிஞ்சுட்டு
அங்கிருந்து ஓட்டுங்க."

மறுபடி விரல் வைத்தார்.

எண்ணெய் பூசினேனா, ஆமென் சொன்னேனா
நினைவில்லை.
"ஃபாதர், இருபது நிமிசம் ஆச்சு" என்றது நினைவிருக்கிறது.
ஆறு பன்னில் நாலைப் பக்கத்துக் கட்டிலுக்குத் தள்ளினார்.
ஆண்டவரை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று
கேட்க வைத்திருந்த கேள்வி
பையிலேயே திரும்பி வந்தது.

வெளியே வேப்பமரத்தடிக் குழாயில்
முழங்கைவரை சோப்புப் போட்டேன்.
கழுத்திலும். இரண்டு தரம்.
வெட்கமாகத்தான் இருந்தது.

பஸ்ஸில் கடைசி சீட்.
தொண்டைக்குழியில் நாலு விரல் வைத்து
அந்த ஒரு சொல்லை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.
ஈங்கூர் கேட்டில் வண்டி நின்றது.
சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது.
ஜன்னல் கம்பி, சீட்டு, கழுத்து எல்லாமே அதிர்ந்தன.
எது என்னுடையது என்று
பிரித்தெடுக்க முடியவில்லை.